இருளரசனின் பல் செட்

“சித்தி, இவ்வளவு நீளப் பல்லை வச்சுக்கிட்டு இந்த இருளரசன் ரொட்டி எப்படி சாப்பிடுவான்? உதட்டைக் குத்தாதா?”

அக்கா மகள் இதைக் கேட்டு ஒரு வருஷம் இருக்கும். “அவன் ரொட்டி சாப்பிட மாட்டான், ஆத்மாவைத்தான் சாப்பிடுவான்” என்று சொல்லிச் சித்தி அன்று தப்பித்தாள். “அது மெத்துன்னு இருக்குமா?” என்று அந்த வாயாடி தொடர்ந்ததும், பால் பொங்குகிறது என்று சமையலறைக்கு ஓடிவிட்டாள். அடுப்பில் பாலே இல்லை.

சித்திக்குப் பகலில் பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை. மாலையில் பேயும் மாயமும் நிறைந்த இருண்ட நாவல்கள் எழுதுவாள். இருளரசன் என்ற அரக்கனின் கதையில் இரண்டு பாகங்கள் வந்துவிட்டன. மூன்றாம் பாகத்தைப் படித்த பதிப்பாளர் போனில் பேசினார்.

“கோட்டை நல்லா இருக்கு, ரத்த ஆறு நல்லா இருக்கு. அரக்கன்தான்மா அட்டையில வெட்டி நிறுத்தின மாதிரி இருக்கான். சிரிக்கிறான், கொல்றான், மறுபடி சிரிக்கிறான். மாசக் கடைசிக்குள்ள அவனை நம்புற மாதிரி செய்யுங்க. இல்லேன்னா மூணாம் பாகத்தை மறந்துடுங்க.”

அன்று சித்தி கடவுள் முன் கண்மூடி நின்று, “எப்படியாவது அவனை ஒரு மனுஷனாக்கிடு” என்று வேண்டிக்கொண்டாள். யாரை என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

மறுநாள் அந்த ரொட்டிக் கேள்வி நினைவுக்கு வந்தது. கோரைப் பல்லோடு ரொட்டி தின்ன முடியுமா என்று பார்த்துவிட, மருத்துவமனைக்குப் பல் செட் செய்து தருபவரிடம் போனாள்.

“அண்ணே, ஒரு பல் செட் வேணும்.”

“உனக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கே.”

“எனக்கில்ல, ஒரு அரக்கனுக்கு.”

“மேல் செட்டா, கீழ் செட்டா?” என்றார் அவர், தலைநிமிராமல்.

அரக்கனை உட்காரவைத்து வாயில் அளவெடுக்க முடியாது. விரிசல் விட்ட மேல் செட்டைச் சரிசெய்யக் கொடுத்திருந்த ஒருவருடைய வாயின் அச்சு அவர் மேசையில் கிடந்தது. அதன்மேலேயே இரண்டு கோரைப் பற்களோடு இன்னொன்றைச் செய்துவிட்டார். இரண்டு செட்டும் ஒரே மாதிரி நீல டப்பாக்களில் சித்தியின் மேசைக்கு வந்துசேர்ந்தன.

அச்சுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். அவர் ரயிலில் ஏறினால் டிக்கெட் வைத்திருப்பவர்களே எழுந்து நிற்பார்களாம். மருத்துவமனையில் அவர் வேறு ஆள். பல் செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பொக்கை வாயோடு எல்லோர் கண்முன்னும் காத்திருக்க வேண்டுமே. மூலை நாற்காலியில் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கூப்பிட்டால் கண்ணாலேயே பதில் சொல்வார். அன்றும் அப்படித்தான். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் கூடம் காலியானதும் மிச்சமிருந்த டப்பாவைச் சித்தி ஆசையாகத் திறந்தாள். உள்ளே சாதுவான, லேசாக மஞ்சளேறிய, மிக மரியாதையான பற்கள் இருந்தன.

டப்பா மாறிவிட்டது என்று சொல்ல அவள் போனை எடுத்தாள். அதற்குள் வாசலில் பரிசோதகர், வாயைப் பொத்தியபடி. மேசைக்கு வந்து கையை லேசாக விலக்கினார். இரண்டு கோரைப் பற்கள் பளபளத்தன.

“என்னம்மா இது? கண்ணாடியைப் பார்த்து எனக்கே அபராதம் போட இருந்தேன்.”

“மன்னிச்சிடுங்க ஐயா. அது அரக்கனோடது.”

“எந்த அரக்கன்?”

சித்தி மூக்கை உறிஞ்சியபடி எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருஷமாக எழுதும் கதை, பதிப்பாளர் வைத்த கெடு, ரொட்டிக் கேள்வி. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒண்ணு சொல்லட்டுமா? என்னோடது எப்பவும் ஆடும். இது கச்சிதமா உட்கார்ந்திருக்கு. அரக்கன்னா தனி கவனிப்புதான்.”

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டர் தலையை நீட்டினார்.

“என்ன ஐயா, செட் சரியா இருக்கா? உறுத்துதா?”

கை சட்டென்று வாய்க்குப் போனது. “எனக்கு உறுத்தல டாக்டர்,” என்றார் விரல்களுக்குள்ளிருந்து. டாக்டர் திருப்தியாகக் கதவை மூடிக்கொண்டார். சித்திக்கு மூச்சு வந்தது.

“ரொட்டி இருக்காம்மா?”

அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் இருந்தது. யார் முன்னாலும் வாய் திறக்காத அந்த மனிதர் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, அவள் பார்க்கட்டும் என்று இந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்தார். ரொட்டியை நகத்தளவு கிள்ளி, கோரைப் பல்லுக்குப் பின்னால் ஓரமாகச் செருகி, இடது கையைத் திரைபோல் பிடித்துக்கொண்டு மென்றார். ஒரு துணுக்கு மடியில் விழுந்தது. யாராவது பார்த்தார்களா என்று கதவை ஒருமுறை பார்த்தார்.

திடீரென்று அவர் கண்களில் நீர் கோத்தது.

“எழுதிக்கோ. குத்தும்.”

இன்னொரு துண்டு கிள்ளினார். “பயமுறுத்துறது சுலபம்மா. நாலு பேர் முன்னாடி சாப்பிடுறதுதான் கஷ்டம்.”

இறைவன் சில உதவிகளை வாயைப் பொத்திக்கொண்டே அனுப்பிவைக்கிறான்.

சித்தி அரக்கனைத் திருத்தி எழுதினாள். இப்போது இருளரசன் ஊர்களை எரித்துவிட்டு வந்து, அறையைத் தாழிட்டு, வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு ரொட்டியைக் கிள்ளித் தின்கிறான். சேவகன் கதவைத் தட்டினால் மிச்சத்தைக் கிரீடத்துக்கு அடியில் ஒளித்துவைக்கிறான்.

மாசக் கடைசியில் பதிப்பாளர் கூப்பிட்டார். “அந்த ரொட்டி இடத்துல அவனைப் பார்த்தா பாவமா இருக்கும்மா. அதனாலதான் அடுத்த ஊரை எரிக்கும்போது நிஜமாவே பயந்துட்டேன். அச்சுக்கு அனுப்புறேன்.”

புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி போடட்டுமா என்று பரிசோதகரிடம் கேட்டதற்கு, “ஐயோ வேண்டாம், என் சம்பந்தி புத்தகம் படிக்கிற ஆளு,” என்றுவிட்டார். அத்துடன், தன்னுடைய செட்டையும் அரக்கனுடையது மாதிரி ஆடாமல் செய்யக் கழற்றிக் கொடுக்க வேண்டும், புதன்கிழமை வருகிறேன் என்றார்.

புதன்கிழமை சித்தி மற்றவர்களுக்கு முன்பே வந்து, வாசல் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். ஸ்டூல் போட்டு ஏறி, மூலை நாற்காலியைச் சுற்றி ஒரு கம்பியை இழுத்துக் கட்டினாள். வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுவந்த இளம்பச்சைத் திரையை அதில் கோத்தாள். மேசையிலிருந்து பார்த்தாள், வாசலிலிருந்து பார்த்தாள், உள்ளறைக் கதவருகே நின்று பார்த்தாள். நாற்காலியின் கால்கள் மட்டும் தெரிந்தன.

பிறகு திரைக்கு உள்ளே போய், வாயைப் பொத்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்துக் கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். சௌகரியமாகத்தான் இருந்தது.

எழுந்து, ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாசல் தாழை நீக்கினாள்.