கலப்பில்லாதோர் கழகத்தில் ஒரு குவளைத் தண்ணீர்

எங்கள் ஊரில் வீரத்தை அளக்க ஒரு கருவி உண்டு. அது வாளன்று, வாக்கன்று; விரல் உயரமே உள்ள ஒரு கிளாஸ். பீப்பாயின் வயிற்றிலிருந்து இறக்கியபடியே, சொட்டு நீர் கலவாமல், பனிக்கட்டி படாமல், அதில் ஊற்றப்படும் போர்பன் விஸ்கியை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுக் கண் கலங்காமல் நிற்பவன் ஆண்மகன். இருமியவன் கற்றுக்குட்டி. தண்ணீர் கேட்டவனுக்கோ எங்கள் அகராதியில் பெயரே கிடையாது.

அமெரிக்காவின் கென்டக்கியில், மக்காச்சோளமும் சுண்ணாம்புப் பாறைநீரும் சேர்ந்து விஸ்கியாகும் நெல்சன் கவுண்டியில், இந்த வீரத்தைக் கட்டிக் காப்பதற்கென்றே 'கலப்பில்லாதோர் கழகம்' நடந்துவந்தது. கிரீன்வெல் தீவனக் கடையின் பின்னறையில், சனிக்கிழமை பிற்பகல்களில் கூடுவோம். ஓட்ஸ் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நீண்ட மேசை; மேசையில் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை; அதன் அருகே பாட்டில். உறுப்பினர் ஒன்பது பேரில் நானும் ஒருவன்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் தலைவர் வெண்டெல் ஹேகன்: பரந்த புகையிலைத் தோட்டமும் அதைவிடப் பரந்த குரலும் உடையவர். மற்றவர் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் ஆம்ப்ரோஸ் பாலர்ட். மாதா கோயில் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பிரம்பால் அடி வாங்கிய நண்பர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் ஆம்ப்ரோஸின் தொண்டையில் கத்தி வைத்தார்கள். பிழைத்து வந்தார். குரலில் பாதி போயிற்று. காரமும் சூடும் தாங்கும் வலிமை முழுவதும் போயிற்று. கொஞ்சம் குடிக்கலாம், ஆனால் தண்ணீர் கலந்துதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உடல் தேறியதும் வந்த முதல் சனிக்கிழமையன்று, தம் கிளாஸில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றச் சொன்னார். வெண்டெல் பாட்டிலை மூடினார். "விதி விதிதான், ஆம்ப்ரோஸ்" என்றார். வாக்கெடுப்புக்கூட நடக்கவில்லை. ஆம்ப்ரோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் அவர் கோயில் விருந்துக்கும் வரவில்லை, குதிரைப் பந்தயத்துக்கும் வரவில்லை. தம் வீட்டு மேசையைத் தவிர வேறெந்த மேசையிலும் அவர் உட்காரவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அவருடைய மகள் நோலா எங்கள் அறைக்குள் நுழைந்தாள். அவள் குதிரை மருத்துவர். கையில் மருந்துப் பை; பூட்ஸில் எந்தக் கொட்டிலின் சேறோ காய்ந்திருந்தது.

"என்ன டாக்டரம்மா, எங்கள்ல எவனுக்காவது லாடம் கழண்டுடுச்சா?" என்றார் கடைக்காரர் ஹோபர்ட் கிரீன்வெல்.

"உங்களுக்கு வாயில கடிவாளம் கழண்டிருக்கு, ஹோபர்ட் அண்ணே. அதை அப்புறம் பாக்கறேன்." அவள் தலைவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "வெண்டெல் மாமா, நான் கழகத்துல சேர வந்திருக்கேன்."

யாரோ கத்தியைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்டது.

"பொம்பளை சேரக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல" என்றார் வெண்டெல் நிதானமாக. "எவளும் வந்து கேட்டதில்ல. அவ்வளவுதான். உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?"

"எங்கப்பாவைத் திரும்பச் சேக்கணும்னு தீர்மானம் கொண்டு வரப்போறேன். உறுப்பினரா இருந்தாத்தானே கொண்டு வர முடியும்?"

"அவன் அனுப்பினானா?"

"நான் இங்க இருக்கறதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என் வண்டிச் சாவியப் பிடுங்கி வெச்சிருப்பாரு."

வெண்டெல் சிரித்தார். பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றி அவள் முன் தள்ளினார். நூற்று முப்பத்திரண்டு புரூஃப். நூறு பங்கில் அறுபத்தாறு பங்கு சாராயம். கிடங்கின் உச்சித் தளத்தில், தகரக் கூரையின் அடியில், கோடை கோடையாக வெந்து கருத்த சரக்கு. விளக்கொளியில் அதன் நிறம் பழைய சேணத்தின் நிறமாக இருந்தது.

"விதி தெரியும்ல? ஒரே மூச்சு. தண்ணி கூடாது, ஐஸ் கூடாது."

"இவளுக்கு இதெல்லாம் சோதனையா?" என்றார் ஹோபர்ட். "போன குளிர்ல என் சிவப்புக் குதிரை குட்டி போட்டப்ப, கொட்டில்ல நின்னுக்கிட்டே இவ இதே சரக்கத் தண்ணியா விழுங்கினதைப் பாத்தவன் நான். எனக்குத்தான் கண்ல தண்ணி வந்துச்சு."

அது உண்மை. அவள் அந்தக் கிளாஸைக் கவிழ்த்துவிட்டுக் கண் சிமிட்டாமல் இருப்பாள் என்பதில் எங்களில் எவருக்கும் ஐயமில்லை. அடுத்த நிமிடம் அவள் உறுப்பினர். அதற்கடுத்த நிமிடம் தீர்மானம். அவளுக்கு ஆதரவாக அறையில் நான்கைந்து கைகளாவது உயர்ந்திருக்கும்.

அவள் குடிக்கவில்லை. கிளாஸை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

"என்னம்மா, பயமா?"

"ஆவி அடங்கட்டும் மாமா. கொதிக்கிற கறிச்சட்டியில யாராவது நேரா வாயை வைப்பாங்களா?"

நாங்கள் காத்திருந்தோம். சற்று நேரம் கழித்து அவள் கிளாஸை எடுத்தாள். மூக்கை உள்ளே நுழைக்காமல் மோவாய்க்கருகே பிடித்து, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தாள். நாக்கு நனையுமளவுக்கு ஒரு துளி உறிஞ்சினாள். "இது நாக்கை எழுப்பறதுக்கு. இதுல எந்த ருசியும் தெரியாது, வெறும் அடிதான்" என்றாள். பிறகு மருந்துப் பையைத் திறந்து ஒரு சிறு குப்பித் தண்ணீரையும் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அது குதிரைக்குப் போடறதா?" ஹோபர்ட் கேட்டார்.

"புதுசு அண்ணே. குதிரைக்குப் போட்டதா இருந்தாலும் உங்க வாயைவிடச் சுத்தமாத்தான் இருக்கும்."

வெண்டெலின் முகம் சிவந்தது. "நோலா. தண்ணி பட்டா நீ தோத்த."

"தெரியும்."

"அப்ப எதுக்கு? முட்டாள்தனமா இருக்கே. முழுங்கித் தொலைச்சுட்டு உறுப்பினராயிடேன்."

"உங்க விதிப்படி நான் ஜெயிச்சா, உங்க விதி சரின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்புறம் எங்கப்பாவை வெளியே அனுப்பினதும் சரிதான்னு ஆயிடும். அவரை உங்க இரக்கத்துல உள்ள கொண்டுவர எனக்கு இஷ்டமில்ல." அவள் சிரிஞ்சை அழுத்தினாள். ஒரு துளி, இன்னொரு துளி, பிறகு ஒரு மெல்லிய தாரை. "நீங்க எல்லாரும் விஸ்கி ஆலையில மாமனோ மச்சானோ வேலை பாக்கற ஆளுங்கதான். பீப்பாயில அடைக்கறதுக்கு முன்னாடி தண்ணி கலந்துதான் அடைக்கிறாங்கன்னு இந்த ஊர்ல எந்தக் குழந்தைக்குத் தெரியாது? சட்டமே அப்படித்தானே சொல்லுது? ஆலைக்காரன் கலந்தா அது தொழில். எங்கப்பா கலந்தா அது துரோகமா?"

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் பாறைநீரின் பெருமையைச் சாலையோரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். திருவிழா மேடையில் முழங்குகிறோம். அந்த நீர் இல்லையேல் இந்த விஸ்கி இல்லை என்று வெளியூரானிடம் மார்தட்டுகிறோம். அதே நீர் கிளாஸில் விழுந்தால் மட்டும் தீட்டு. எரிச்சலுக்கு வீரம் என்று பெயர் சூட்டினோம். மரத்துப்போன நாக்குக்கு அனுபவம் என்று பட்டம் கட்டினோம். தொண்டை அறுபட்ட ஒரு நண்பனைத் தூக்கி எறிந்துவிட்டு, அதற்குக் கொள்கை என்று கொடியேற்றினோம். சுவைக்காக உண்டான ஒரு பொருளைச் சுவைக்கவே கூடாது என்று தடுத்து நிற்கும் ஒரு விதி யாரைக் காக்கிறது? விதியை வைத்திருப்பவனை மட்டுமே காக்கிறது.

"வாக்கெடுப்பு" என்றார் வெண்டெல். "தண்ணி கலந்தவளைச் சேக்கக் கூடாதுங்கறவங்க கை தூக்குங்க."

ஆறு கைகள் உயர்ந்தன. ஹோபர்ட்டின் கையும் என் கையும் மேசைமேலேயே கிடந்தன. ஓரத்தில் இருந்த கிழவர் ஒருவர் தாம் காது கேளாதவர் போலப் பன்றித் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சது. மன்னிச்சுக்கோம்மா." வெண்டெல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காரு வெண்டெல்" என்றார் ஹோபர்ட்.

"என்ன?"

"மேசையில ஊத்தின கடைசி கிளாஸ் காலியாகற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது. விதி விதிதான். அவ கிளாஸைப் பாரு."

தன் முறை வருவதற்குள் எவனும் நழுவிவிடக் கூடாதென்று பண்டொரு நாள் வகுத்த விதி அது. ஒரே மூச்சில் விழுங்குகிறவர்களுக்கு அது ஒரு சுமையாகவே இருந்ததில்லை. நோலாவின் கிளாஸ் இன்னும் நிறைந்திருந்தது. வெண்டெல் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"குடிச்சு முடி" என்றார்.

"குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன் மாமா."

அவள் தொலைபேசியை எடுத்தாள். "அப்பா. ஹோபர்ட் அண்ணன் கடைக்கு வாங்க. ஆமா, பின்னறைதான். சண்டையெல்லாம் இல்ல. எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க. இல்ல, அவங்களால எழுந்து போக முடியாது. வந்து பாருங்க, தெரியும். அவசரமில்ல, நான் மெதுவாத்தான் குடிக்கிறேன்."

"இது அநியாயம்" என்றார் வெண்டெல்.

"இல்ல மாமா. இதுதான் குடிக்கிற முறை."

அவள் ஒரு வாய் உறிஞ்சி, மென்று தின்பதைப்போல வாய் முழுவதும் உருட்டிப் பிறகே விழுங்கினாள். வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டாள். பன்றித் தொடையில் ஒரு சீவல் எடுத்துத் தின்றாள்; வெறும் தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள்; சும்மா இருந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். அந்தச் சும்மா இருத்தல்தான் எங்களைக் கொன்றது. எங்கள் மேசையில் எவரும் கிளாஸுக்கும் கிளாஸுக்கும் நடுவே சும்மா இருந்ததே இல்லை.

"என்னதான் தெரியுது அதுல?" என்று ஹோபர்ட் கேட்டேவிட்டார்.

"முதல்ல வெறும் நெருப்பு. தண்ணி விழுந்ததும் நெருப்பு ஒதுங்கி வழி விட்டுது. இப்ப சோளத்தட்டை பிழிஞ்ச பாகு. அடியில செர்ரி. கடைசியில, இலை காயப்போட்ட புகையிலைக் கொட்டகை. வெண்டெல் மாமாவோட கொட்டகை மாதிரியே இருக்கு."

ஹோபர்ட் தம் கிளாஸில் ஊற்றிக்கொண்டார். "அந்த ஊசியை இப்படித் தள்ளு."

"ஹோபர்ட்" என்றார் வெண்டெல்.

"என் கடை. என் மேசை. நாளைக்கு வேணும்னா என்னையும் நீக்கிடு. கழகத்தைக் கோழித் தீவனத்துப் பக்கம் மாத்திக்கோ." அவர் துளித்துளியாக விட்டார், உறிஞ்சினார், கூரையைப் பார்த்தபடி சப்புக்கொட்டினார். "இருபது வருஷமா இதைக் குடிக்கறேன்" என்றார் கடைசியில். "செர்ரி இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலியே."

நானும் சிரிஞ்சைக் கேட்டு வாங்கினேன். எனக்குச் செர்ரி தெரியவில்லை. ஆரஞ்சுத் தோல் தெரிந்தது. அதைச் சொன்னேன். கை தூக்கிய ஆறு பேரில் ஒருவன், "ஆரஞ்சா, எங்க?" என்று என் கிளாஸைப் பிடுங்கி முகர்ந்தான்.

கடையின் முன்கதவு திறக்கும் ஓசை கேட்டது. மூட்டைகளுக்கிடையே மெதுவான காலடிகள். ஆம்ப்ரோஸ் பாலர்ட் வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார்; கழுத்தில் துணி சுற்றியிருந்தார். தொப்பியை அவர் கழற்றவில்லை.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்க?" என்று மகளிடம் கேட்டார். உமியைக் கையில் அள்ளியதுபோல் இருந்தது அந்தக் குரல்.

"தோத்துட்டேன்பா. ஆறு பேர் வேண்டாம்னுட்டாங்க."

"தோக்கறதுக்கா என்னைக் கூப்பிட்ட?"

"உங்களோட ஒரு கிளாஸ் குடிக்கக் கூப்பிட்டேன்."

ஹோபர்ட் நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளினார். ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் திரும்பிப் போயிருந்தால் இனி எந்த அறைக்கும் வந்திருக்கமாட்டார். அது அவருடைய மகளுக்குத் தெரியும், வெண்டெலுக்கும் தெரியும்.

அவர் உட்கார்ந்தார்.

"ஆம்ப்ரோஸ்" என்றார் வெண்டெல், தாழ்ந்த குரலில். "விதி உனக்குத் தெரியாதது இல்ல."

"விதியை எழுதினவனே நான்தான், வெண்டெல். நீ பக்கத்துல உக்காந்து பென்சில் சீவிக் குடுத்த. எழுதறப்ப என் தொண்டை நல்லா இருந்துச்சு. நல்லா இருந்தவன் எழுதின விதி அது."

ஹோபர்ட் ஊற்றினார். நோலா தண்ணீர்க் குப்பியை நகர்த்தினாள். ஆம்ப்ரோஸ் சிரிஞ்சைத் தொடவில்லை. குப்பியையே சாய்த்துத் தாராளமாக ஊற்றினார், பாதிக்குப் பாதி. யாரையும் பார்த்து ஊற்றவில்லை. யாருக்கும் மறைத்தும் ஊற்றவில்லை. முகர்ந்தார். நோலா தன் கிளாஸின் கடைசி மிடற்றை முடித்து வெறும் கிளாஸை மேசைமேல் வைத்தாள். ஹோபர்ட்டும் முடித்தார், நானும் முடித்தேன். இப்போது மேசையில் நிறைந்திருந்தது ஆம்ப்ரோஸின் கிளாஸ் ஒன்றுதான்.

வெண்டெலின் கை தொப்பிமேல் இருந்தது. எழுந்து போய்விடலாம், போனால் தாமே காத்த விதியைத் தாமே மிதித்தவராவார். இருக்கலாம், இருந்தால் தண்ணீர் கலந்த கிளாஸுக்குக் காவல் இருந்தவராவார். அவர் தொப்பியைச் சுற்றினார், சுற்றினார், பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?" என்றார் கடுப்பாக.

ஆம்ப்ரோஸ் ஒரு சிறு மிடறு எடுத்தார். கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, வலிக்குமிடத்தை நிதானமாகக் கடந்து விழுங்கினார்.

"மூணு வருஷமாச்சு வெண்டெல். கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும்."

ஹோபர்ட் கத்தியை எடுத்துப் பன்றித் தொடையின் பக்கம் திரும்பினார். "இது இறங்குமா உனக்கு?"

"சின்னதா நறுக்கு" என்றார் ஆம்ப்ரோஸ்.