அக்கா ஓட்டினால் மட்டும் வரும் ஊளை

"நான் ஓட்டினா பின்னாலேர்ந்து ஊளை விடுதுடா" என்றாள் அக்கா, மெக்கானிக் தம்பியிடம்.

"நான் ஓட்டினா தேனா ஓடுது" என்றார் அவள் கணவர், தம்பிக்கு மாமா. "கோளாறு வண்டியில இல்ல மாப்ளே, ஓட்டுற ஆள்கிட்ட."

"ஆமா, ஊருக்கே உங்களுக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும்!"

மெக்கானிக் லாரியைச் சுற்றி வந்தான். கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டும் லாரி அது. பத்து லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. இதுவரை போனதெல்லாம் சமதளம். விடிந்தால் முதல் மலைப்பாதை, அதுவும் முழு பாரத்தோடு. இறக்கத்தில் பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நினைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

அடியில் படுத்து டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்தான். மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் இரும்புத் துகள் எதுவும் நறநறக்கவில்லை. இத்தனை ஓட்டத்துக்கு இது சகஜம். ஜாக்கி வைத்துத் தூக்கி, இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டைப் பிடித்து ஆட்டினான். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. கிழட்டு வண்டியில் ஆடாதது எது? இதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

புது எண்ணெய் ஊற்றி, "ஓட்டிப் பார்த்துடலாம்" என்றான்.

மாமா ஓட்டினார். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை. மாமாவின் மீசைக்குள் சிரிப்பு ஓடியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காதுக்கு வேலை இல்லாததால் மெக்கானிக்கின் கண் கீழே போனது. மாமாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. வேகம் ஏறியதும் ஒரு நூல் தூக்கிக்கொண்டது. மறுபடி அழுத்தியது, மறுபடி தூக்கியது. சொத்தைப் பல்காரர் மறுபக்கம் மெல்லுவாரே, அப்படி.

"மாமா, காலை எடுக்காம அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தானே இருக்கேன்!"

பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கால் செய்வது அவருக்கே தெரியாது.

மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டான். பழைய லாரி, ஆக்ஸிலேட்டரைக் கையாலும் இழுக்கலாம். "காலை மடக்கிப் பின்னால வச்சுக்குங்க. ஸ்டியரிங் மட்டும் உங்களுது" என்று சொல்லிக் கம்பியை இழுத்தான்.

லாரி ஊளையிட்டது. பின்னாலிருந்து எழுந்து, சீட்டு வழியாக முதுகெலும்பில் ஏறுகிற ஊளை. கம்பியைத் தளர்த்தினான், அடங்கியது. இழுத்தான், மறுபடி.

"இழுக்கும்போது கத்துது, விட்டா அடங்குது. உள்ளே இருக்கிற பினியன் சக்கரத்தோட பல் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு மாமா. அது உட்கார்ந்திருக்கிற பேரிங்கும் போயிருக்கும். திறந்தா கண்ணாலயே பார்க்கலாம்."

மாமா ஓரமாக நிறுத்தினார். வண்டி நின்ற பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை. கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், யாருடையதோ போல.

"எவ்ளோ நாளா இப்படி ஓட்டிட்டிருக்கேன்?"

"சத்தம் மெதுவாத்தான் வந்திருக்கும். காலும் கூடவே பழகியிருக்கும்."

"மலையில இந்தக் கால் என்ன பண்ணியிருக்கும்?"

ஏற்றத்தில் காலைத் தூக்கிக்கொள்ள இடமே கிடையாது, அழுத்திக்கொண்டே இருந்தால் தேய்ந்த பல் உடையும் என்பது மூவருக்கும் தெரியும்.

மாமா சரக்குக்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வண்டி வராதுங்க... இல்லங்க, வேற ஆளைப் பாருங்க." வைத்துவிட்டு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து அக்கா பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"தள்ளு. ஷெட் வரைக்கும் நீ ஓட்டு."

"எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே?"

"தெரியும்டி தாயே, ஓட்டு."

அக்கா தம்பியைத் தாண்டி ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கியர் போட்டாள். மெதுவாகத்தான் ஓட்டினாள். ஷெட் வரை ஊளை ஓயாமல் கூடவே வந்தது. மாமா அதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.