உடன் வசிப்பவர்: எவரும் இல்லை

எட்டாம் எண் கவுன்டரில் இருந்த அதிகாரி, அவளுடைய அப்பாவின் நான்கு படிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மேசைமேல் பரப்பினார். ஆண்டுக்கு ஒன்று. நான்கிலும் ஒரே வரியில் விரலை வைத்துக் காட்டினார். 'உடன் வசிப்பவர்' என்பதற்கு எதிரே, 'எவரும் இல்லை'.

"தனியா இருக்கிற வயசானவங்களுக்குக் குடுக்கற உதவித்தொகைம்மா இது. ஆனா உங்க தம்பி லைசென்ஸ் புதுப்பிச்சப்போ இதே விலாசத்தைக் குடுத்திருக்காரு. அவரு அங்க இருந்தது உண்மைன்னா, நாலு வருஷப் பணமும் அபராதத்தோட திரும்ப வரணும். அப்பா போயிட்டாரு. அதனால அவரு விட்டுட்டுப் போன சொத்துலேருந்து எடுப்பாங்க."

சொத்து என்று அவர் சொன்னது ஒரு கூடம், ஓர் அறை, மழைக்கு ஒழுகும் சமையலறை. அவள் அதை நினைக்கவில்லை. படிவத்தின் அடியில் கோணல்மாணலாக இருந்த கையெழுத்துதான் அப்பாவுடையது. மேலே நிரப்பியிருந்த எழுத்து அவருடையது அல்ல. 'இ'யின் சுழியைத் தேவைக்கு மேல் இழுத்து வளைக்கும் பழக்கம் தம்பி ஒருத்தனுக்குத்தான் உண்டு. அவனுக்கு ஐந்து வயதில் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளே அவள்தான்.

"தபாலுக்குத்தான் அந்த விலாசம், நான் இருந்தது வேற இடம்னு அவரு உறுதிமொழி எழுதிக் குடுத்தா ஃபைலை மூடிடலாம்" என்று அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "வாரிசுங்கற முறையில நீங்களும் கீழ கையெழுத்து போடணும். என் முன்னாடி."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அன்று மதியம் விடுப்பு சொல்லிவிட்டு நேராக அப்பாவின் வீட்டுக்குப் போனாள். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். தரைக்கு ஓடு பதிக்கிறவன். நாற்பது வயதிலேயே முட்டி இரண்டும் கழன்றுவிட்டன. பெண்டாட்டியோடு ஒத்துவராமல் ஒரே ஒரு பையோடு அப்பாவிடம் வந்து சேர்ந்தவன். அவன் வந்த ஆறாம் மாதம் அப்பா விழுந்தார். அதன்பிறகு படுக்கைதான். கழுவியது, துடைத்தது, புரட்டிப் போட்டது, கஞ்சியை ஊட்டி வாயைத் துடைத்தது எல்லாம் அவன். அவள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வருவாள், இரண்டு மணி நேரம் இருப்பாள், பேருந்து போய்விடும் என்று எழுந்துகொள்வாள். வீட்டில் எப்போதும் பினாயில் வாசனை அடிக்கும். சுத்தமாக வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். எதைக் கழுவியதால் அந்த வாசனை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தாளை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒருமுறை படித்தான்.

"பேனா இருக்கா?"

"யோசிச்சு செய்டா."

"யோசிக்க என்ன இருக்கு? நாலு தடவை எழுதியாச்சு. இது அஞ்சாவது." தைலக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். "அப்பாவுக்குக் கை நடுங்கும். அவரு சொல்லுவாரு, நான் எழுதுவேன். அந்தப் பணம் நின்னா டயப்பருக்கு எங்க போறது? நான் வேலைக்கும் போக முடியல. எழுதி முடிச்சதும் சிரிப்பாரு. 'நீதான் இங்க இல்லையேடா, அப்புறம் எனக்கு யாரு காபி போட்டுத் தர்றது?'ன்னு. ஒவ்வொரு வருஷமும் அதே ஜோக்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் மடியில் வைத்தான்.

"வீடு தங்குச்சுன்னா போதும்க்கா. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு வாடகை குடுத்து எங்கயும் இருக்க முடியாது."

"தங்கும்டா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை கவுன்டரில் கூட்டம் இல்லை. அதிகாரி உறுதிமொழியை வாங்கிப் படித்து, தலையசைத்து, அவள் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது: 'இறந்தவருடன் அவரது இறுதிக் காலம்வரை எவரும் வசிக்கவில்லை என்பதை நான் அறிவேன்.' அவள் பேனாவைத் திறந்தாள். அதற்குள் அதிகாரி ஃபைலில் ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"மூணு வருஷத்துக்கு மேல படுத்த படுக்கையா இருந்திருக்காரேம்மா?" குரலில் சந்தேகம் இல்லை. நிஜமான வருத்தம்தான். "கூட யாருமே இல்லாமலா?"

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நாள்முழுக்க அடுத்தவர் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காலைச் சரிசெய்கிறவள் அவள். ஒரு சாண் தூரத்தில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வையில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பெற்றவரை நாதியற்றுக் கிடக்கவிட்ட பிள்ளைகள். காது சுட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்ல சார். என் தம்பி இருந்தான். அவன்தான் எல்லாம் செஞ்சான். ஒரு நாள் விடாம."

சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பெருமையாகக்கூட இருந்தது. அதிகாரி உறுதிமொழியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்மா" என்றார் மெதுவாக. "இப்ப என் காதுல விழுந்துடுச்சு."

பணத்தைத் திருப்பிக் கட்ட ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அவளிடம் இருந்தது மகள் படிப்புக்கு வாங்கிய கடன். தம்பியிடம் அதுவும் இல்லை. வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. கட்டியது போக மிஞ்சுவதில் தன் பங்கையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் சொல்ல வந்தபோது, அவன் முழுதாகக் கேட்கவில்லை.

"எனக்காகத்தான் சொன்னியா?"

"நீ செஞ்சதை இல்லேன்னு எப்படிடா எழுதறது?"

"நானே எழுதினேனே. எனக்கு வலிக்கல. உனக்கு என்ன வந்துச்சு?" அவன் குரலை உயர்த்தவில்லை. "அந்த ஆளு உன்னை ஒரு மாதிரி பாத்தான். அதுக்கு வீட்டைக் குடுத்துட்டு வந்துட்ட."

அப்படி இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள்.

சாவியை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின காலை, சாமான் கட்ட உதவலாம் என்று வந்தாள். கூடம் காலியாக இருந்தது. அவன் குளியலறையில் இருந்தான். அப்பா பிடித்து நிற்கட்டும் என்று முதல் வருஷம் அடித்திருந்த இரும்புப் பிடியைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் வைத்திருந்தான். சுவர் ஓட்டில் நான்கு ஓட்டைகள். வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கிண்ணத்தில் வெள்ளை சிமென்ட்டைக் குழைத்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கறவங்க பாத்துக்க மாட்டாங்களாடா?" என்றாள்.

அவன் திரும்பவில்லை. ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்தான், தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தான், மறுபடி துடைத்தான். நான்காவது ஓட்டையை அடைத்து முடித்ததும், உள்ளங்கையைச் சுவரில் பதித்து, பிடி எங்கே இருந்தது என்று தடவிப் பார்த்தான்.