ஒன்றரைக் கரணமும் ஒரு சட்டி எள்ளெண்ணெயும்

கமலாவதியின் மகன் சண்முகநாதனுக்குக் கடலில் தலைகீழாக விழுவதற்குக் கல்லூரியில் மாஸ்டர் வைத்துப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. மயிலிட்டியில் பிறந்த பிள்ளைக்குக் கடலில் விழப் பழக்குவதா? இங்கே பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய கையோடு வள்ளத்திலிருந்து பொத்தென்று குதிக்கிறதுகள். அதற்கு ஒருவர் கதிரையில் இருந்து மார்க் போடுகிறார் என்றால், அவருக்கு வீட்டில் வேலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஆனால் விஷயம் மெய். அதற்கு டைவிங் என்று பெயர். கொழும்பில் அதற்கென்றே தொட்டி கட்டி வைத்திருக்கிறார்களாம். யாழ்ப்பாணத்தில் தொட்டி ஏது? அதனால் அறுபத்தாறாம் ஆண்டு பங்குனியில், கடல் அடங்கிக் கிடந்த நேரம் பார்த்து, எங்கள் துறையின் இறங்குமேடை முனையில் பனங்குற்றி நட்டு ஒரு கோபுரம் கட்டினார்கள். கோபுரத்து உச்சியில் தும்புப் பாய் விரித்த தட்டு. கீழே, மேடை ஓரத்தில், லொறியில் வந்த ஒரு துள்ளுபலகை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி அதில்தான். முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வருகிறவர்கள் கொழும்புக்குப் போகலாம்.

கமலாவதி என் பக்கத்து வீடு. நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டை அடைக்கச் சொல்லி அவள் புருஷன் கனகரத்தினம் வருஷா வருஷம் சொல்லுவார். அடைத்தால் எனக்கு மட்டுமா நட்டம்? அவளுக்குந்தான்.

கமலாவதிக்கு இருந்த பிரச்சினை வேறு. சண்முகநாதனின் சாதகத்தில் நீர்க்கண்டம் இருக்கிறது. வீட்டைச் சுற்றிக் கடல், தகப்பனுக்கு இரண்டு வள்ளம், பிள்ளைக்கு நீர்க்கண்டம். அதோடு ஏழரைச் சனியும் தொடங்கிவிட்டது. மகன் கொழும்புக்குப் போய்க் குதிக்கப் போகிறான் என்றதும் அவள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அவளைச் சமாதானப்படுத்த, டைவிங் பழக்குகிற மரியரட்ணம் மாஸ்டரே குருநகரிலிருந்து சைக்கிளில் வந்தார். கோப்பி கொண்டுபோகிற சாட்டில் நானும் உள்ளே இருந்தேன்.

"அம்மா, உங்கடை மோன் மாதிரி ஒருத்தனை நான் இவ்வளவு காலமும் காணேல்லை" என்றார் மாஸ்டர். "அந்த ஒன்றரைக் கரணத்தை இந்த யாழ்ப்பாணத்திலை வேறை ஒருத்தனும் போடமாட்டான்."

"அதென்ன கரணம்?"

மாஸ்டர் கதிரையில் இருந்தபடியே முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, கணைக்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, உருண்டை போல் ஆகிக் காட்டினார். நல்ல மனுசன், ஆனால் வயிற்று வண்டி கொஞ்சம் பெரிது. கதிரை கிறீச்சிட்டது.

"இப்பிடி காலை இறுக்கிப் பிடிச்சாத்தான் வேகமாய்ச் சுத்தும். சுத்தி முடிய விரிச்சுத் தலையாலை உள்ளை போகவேணும். பிடி விட்டுதோ, சுத்து பாதியிலை நிண்டிடும். நிண்டால் முதுகு அடிபடும்."

முதுகு என்ற சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. கமலாவதி முகம் கறுத்துப் போனாள். ஆனாலும் மகன் அன்று முழுக்க அவளுக்குப் பின்னால் திரிந்து, கெஞ்சி, சாப்பிடாமல் கிடந்து, ஒருமாதிரிச் சம்மதம் வாங்கிவிட்டான். சம்மதம் என்றால் சும்மா இல்லை. நிபந்தனையோடு.

மருதனார்மடச் சந்தைக்குப் பின்னால் ஒரு சாத்திரியார் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சனி ஆளைக் காலில்தான் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். போட்டி நடப்பதும் சனிக்கிழமை. காலையில் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, சட்டியில் மிஞ்சுகிற எண்ணெயைப் பிள்ளையின் முழங்காலிலிருந்து கரண்டை வரை பூசிவிட வேண்டும். பொழுது படும்வரை கழுவக்கூடாது. சவர்க்காரம் தொடவே கூடாது.

வாசிக்கிற உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். கமலாவதிக்கு விளங்கவில்லை. மாஸ்டர் காலைப் பிடித்துக் காட்டியதை அவள் கண்ணால் கண்டவள்தான். ஆனால் அவள் காதில் நின்றது முதுகு மட்டுந்தான்.

சனிக்கிழமை காலை, பொட்டுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் பெடியன் திண்ணைக் குந்தில் இருக்க, தாய் சட்டியைச் சரித்து அவன் காலில் எண்ணெய் வார்த்து வார்த்துத் தேய்த்தாள்.

"அம்மா, காணும். கொஞ்சம் துடைச்சுவிடணை."

"துடைக்கிறதோ? துடைச்சா நீ போகவேண்டாம். வீட்டிலை இரு."

அவன் மற்றக் காலையும் நீட்டினான்.

துறையில் கோயில் திருவிழாச் சனம். ஐஸ்பழக்காரன்கூட வந்துவிட்டான். கனகரத்தினம் விடியப்புறம் கடலால் வந்து நித்திரை. எழுப்பினாலும் இந்த விஷயத்தில் வாய் திறக்க மாட்டார். நானும் கமலாவதியும் வலை உணத்துகிற கொட்டிலின் நிழலில் இடம் பிடித்தோம். மூன்று நடுவர்மார் கையில் சிலேட்டோடு வரிசையாக இருந்தார்கள்.

முதற் சுற்று துள்ளுபலகையில். நேராகப் பாய்ந்து நேராக உள்ளே போவது. காலைப் பிடிக்கத் தேவையில்லை. சண்முகநாதன் போன இடத்தில் தண்ணீர் வாயைத் திறந்து மூடியது போலத்தான் இருந்தது. ஒரு துளி எழும்பவில்லை. எங்கள் ஊர்ச் சனத்துக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடா உது, தண்ணியே தெறிக்கேல்லை! சாப்பிடேல்லையோ?" என்று பின்னால் ஒருவர் கத்தினார்.

ஆனால் நடுவர்மார் பெரிய பெரிய மார்க்காகத் தூக்கிக் காட்டினார்கள். குருநகர்ப் பெடியன் யாகப்புவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டவுன் கல்லூரிப் பெடியன் ஒருவன் இரண்டு பேரையும் விட மேலே போய்விட்டான். அப்படியென்றால் இரண்டாமிடம் சண்முகநாதனுக்கா யாகப்புவுக்கா என்பதைக் கோபுரந்தான் சொல்லவேண்டும்.

சண்முகநாதன் தண்ணீரிலிருந்து ஏறி வந்தபோது பார்த்தேன். உடம்பெல்லாம் நனைந்திருந்தது, கணைக்காலில் மட்டும் தண்ணீர் ஒட்டவில்லை. சேம்பு இலையில் நிற்பது போல மணி மணியாக உருண்டு வழிந்தது. அவன் மேடை ஓரத்தில் குந்தி, யாரும் பார்க்காத மாதிரி, முழங்காலை மடக்கிக் கணைக்காலைப் பிடித்துப் பார்த்தான். கை சறுக்கியது. மறுபடியும் பிடித்தான். மறுபடியும் சறுக்கியது.

பிறகு நேரே என்னிடம் வந்தான். தாய் அந்த நேரம் மாஸ்டரின் மனுசியோடு கதைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, திருநீறு வைச்சிருக்கிறியளோ?"

"இருக்கு மோனை. என்ன, பயமாய்க் கிடக்கோ?"

"காலிலை பூச. பிடி வருதில்லை." குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா ஏறவிடமாட்டா."

ஊரிலே இத்தனை பேர் இருக்க, வாயை மூடு என்று என்னிடம் வந்து சொல்கிறான். நான் மடிக்குள் இருந்த திருநீற்றுப் பையை அப்படியே கொடுத்தேன். அவன் இரண்டு காலிலும் அள்ளி அள்ளிப் பூசினான். சனம் பார்த்து உருகிப்போனது.

"பாருங்கோ பக்தியை! காலிலை திருநீறு பூசிற பிள்ளையை ஆர் கண்டது?" என்றாள் பின்னால் ஒருத்தி.

கமலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்கு. எண்ணெயும் திருநீறும் கலந்தால் என்ன வரும்? பசை வந்தது. அவன் பிடித்துப் பார்த்தான். முன்பு சறுக்கிய கை இப்போது வழுக்கிக்கொண்டே போனது.

யாகப்பு ஏறினான். இலேசான பாய்ச்சல்தான், ஆனால் பிழையில்லாமல் பாய்ந்தான். நல்ல மார்க். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்முகநாதனிடம் ஓடி வந்தார்.

"உன்ரை முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு? மாத்திறதெண்டா இப்ப சொல்லு. சாதாரண பாய்ச்சல் எண்டு எழுதிவிடுறன். பேர் கூப்பிட்டாப் பிறகு மாத்தேலாது."

"சாதாரணப் பாய்ச்சலுக்கு யாகப்புவை வெல்லலாமோ, சேர்?"

மாஸ்டர் வானத்தைப் பார்த்து எதையோ கூட்டிக் கழித்தார். "இல்லை. அதுக்கு அவ்வளவு மார்க் வராது."

"அப்ப கரணம்தான், சேர்."

நான் கமலாவதியின் கையைப் பிடித்தேன். அவள் நான் பயப்படுகிறேன் என்று நினைத்து, "பயப்பிடாதை அக்கை, எண்ணெய் பூசித்தான் விட்டனான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவள் கோபுரத்தடிக்கு ஓடிப்போய் அத்தனை சனத்துக்கு முன்னால் அவனை இறக்கிவிடுவாள். பெடியன் பிறகு இந்தத் துறையில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் முதுகு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது பழக்கமில்லாத வேலை.

பெயர் கூப்பிட்டார்கள். அவன் ஏணியில் ஏறினான். ஏறும்போதே ஒரு முறை கால் வழுக்கி, குற்றியைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ" என்றது சனம். மேலே போய்த் தட்டின் விளிம்பில் நின்றான். கீழே இருந்து பார்க்க ஆள் நெத்தலிக் கருவாடு போலத் தெரிந்தான். கைகளைக் காற்சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான். அமைதியாக இருங்கோ என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மயிலிட்டிச் சனம் அமைதியாக இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். கமலாவதியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவன் கையை உயர்த்தினான். பாய்ந்தான்.

மடங்கியது கண்டேன். கை காலைப் பிடித்தது கண்டேன். சுற்றத் தொடங்கியதும் வலக் கை கழன்றது. இடக் கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, உடம்பு ஒரு பக்கமாகக் கோணி, பாதியில் விரிந்து, மல்லாக்காக—

பளார்!

வானத்திலிருந்து யாரோ பலகை போட்ட மாதிரிச் சத்தம். தண்ணீர் எழும்பி முன்வரிசை நடுவரின் சிலேட்டை அழித்துவிட்டது.

சனம் கை தட்டியது. விசில் அடித்தது. "உதடா பாய்ச்சல்!" என்று முதலில் கத்தியவரே துள்ளினார். எங்கள் ஊரில் எவ்வளவு தண்ணீர் தெறிக்கிறதோ அவ்வளவு கெட்டித்தனம்.

மாஸ்டர் கை தட்டவில்லை. அவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் சனத்துக்கு ஏதோ விளங்கியது. கைதட்டல் அங்கங்கே நின்றது. தண்ணீரில் நுரை மட்டும் கிடந்தது. கமலாவதி என் கையை நெரித்த இடம் பிறகு எத்தனையோ நாள் கன்றிக் கிடந்தது. மாஸ்டர் குதிக்கப் போன நேரம், குற்றிக்குப் பக்கத்தில் ஒரு தலை எழும்பியது. குருநகர் யாகப்பு குதித்து அவனைத் தோளில் சாய்த்து இழுத்து வந்தான்.

மேடையில் குப்புறக் கிடத்தினார்கள். முதுகு அவித்த நண்டு நிறம். மூச்சு வந்ததும் மாஸ்டர் பக்கத்தில் குந்தினார்.

"என்னடா நடந்தது? ஏன் பிடியை விட்டனீ?"

சண்முகநாதன் கண்ணைத் திறந்தான். சனத்துக்குள் தாய் நிற்பதைக் கண்டான்.

"பயந்திட்டன், சேர்."

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. பயந்திட்டானாம். கனகரத்தினத்தின்ரை பெடியன், கடலுக்குப் பயந்திட்டானாம். ஒருவன் சிரித்தான். நடுவர்மார் மார்க்கைத் தூக்கினார்கள், எவ்வளவென்று சொல்லாமல் விடுகிறேன். கொழும்புப் பயணம் யாகப்புவுக்கு.

கமலாவதி மகனின் காலடியில் விழுந்து, எலும்பு முறிந்திருக்கிறதா என்று காலை அழுத்திப் பார்த்தாள். கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள். வழுக்கியது. எடுத்துத் தன் கையைப் பார்த்தாள். சாம்பல் பசை. மாஸ்டரைப் பார்த்தாள், மகனின் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஐஸ்பழக்காரனைப் பார்த்தேன்.

கமலாவதி பிழை ஒத்துக்கொண்டதாக எங்கள் ஒழுங்கையில் சரித்திரமே இல்லை. என் சட்டியை உடைத்துவிட்டு, சட்டியிலே குற்றம் என்று சாதித்தவள். அவள் எழும்பி நின்று, சிரித்தவன் பக்கம் திரும்பினாள்.

"ஆரடா சிரிச்சது? என்ரை பிள்ளை பயப்பிடேல்லை. நான்தான் அவன்ரை காலுக்கு எண்ணெய் பூசி விட்டனான். சனிக்கெண்டு பூசினனான். அதுதான் பிடி வழுக்கினது. கேட்டுதோ எல்லாருக்கும்? சிரிக்கிறதெண்டா என்னைப் பாத்துச் சிரியுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய வாய்க்கு ஊரே பயம். பெடியன் குப்புறக் கிடந்தபடியே, "அம்மா, பேசாமல் இரணை" என்றான். ஆனால் அந்த மேடையில் பொய் சொன்னபோது இறுகியிருந்த அவன் முகம் தளர்ந்துவிட்டது.

மாஸ்டர் தலையில் கை வைத்தார். "அம்மா, இதை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"எனக்கு விளங்கினாத்தானே சொல்லுறதுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வருசமும் உந்தப் போட்டி வருமோ?"

"வரும். இவனும் அடுத்த வருசம் பள்ளிக்கூடத்திலைதான்."

"சனியும் இருக்கும்." விரல்களில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தாள். "மாஸ்டர், உந்தக் கரணத்துக்குக் கை படாத இடமெண்டு உடம்பிலை எங்கையாலும் இருக்கோ?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு, மடித்துக் கட்டிய வேட்டியோடு, அந்தப் பெரிய வயிற்று வண்டியோடு, அத்தனை சனத்துக்கு முன்னால் மேடையில் குந்தி, முழங்காலை மடக்கிப் பிடித்து உருண்டையாகி, ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார்.

"உச்சந்தலை" என்றார்.

"அப்ப அடுத்த முறை அங்கை வைக்கிறன்" என்றாள் கமலாவதி. "சாத்திரியாரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன்."