திரும்பி வந்த லாரி

கம்பெனியில் சுற்றுச்சூழல் பிரிவு அவள் பொறுப்பு. பழைய கம்ப்யூட்டர்களை முறைப்படி மறுசுழற்சி செய்கிறோம் என்று வருடா வருடம் அறிக்கை எழுதுவதும் அவள்தான். அவற்றை ஏற்றிப்போகும் ஒப்பந்தக்காரரின் லாரியை ஓட்டுவது அவளுடைய கொழுந்தன். முந்தின நாள் சாப்பிடும்போது, "மறுசுழற்சி ஆலையா? அந்தப் பக்கமே நான் போனதில்லையே அண்ணி. வாய்க்காலோரக் கொட்டகையிலதான் இறக்கச் சொல்றாங்க" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அப்போதிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காலையில் மேலாளரிடம் கேட்டாள். அவர் தலையே நிமிரவில்லை. "ஒப்பந்தக்காரர் சான்றிதழ் குடுத்துடறார். அதுக்கு மேல நமக்கெதுக்கும்மா?"

சீட்டில் உட்கார்ந்தாள், எழுந்தாள். கீழே லோடு ஏற்றி முடித்திருந்தார்கள். விறுவிறுவென்று இறங்கிப்போய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

"அண்ணி, என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க."

"நீ ஓட்டு தம்பி."

கொட்டகையை நெருங்கும்போதே தொண்டை கமறியது. உள்ளிருக்கும் செம்புக்காக ஒயர்களைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். பெண்கள் வெறுங்கையால் மானிட்டர்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இருமி ஓய்ந்து, லாரியை எட்டிப் பார்த்தாள். "இறக்கலையா? இன்னிக்கு எங்களுக்கு வேலை இல்லையா?"

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "திருப்பு தம்பி" என்றாள். கொழுந்தன் சாவியைத் திருகினான்.

ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. மேலாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "இது ஏம்மா இங்க நிக்குது?"

"போற இடம் சரியில்ல சார். சரியான இடம் சொல்லுங்க, கிளம்பிடும்."

முதலாளியின் கார் உள்ளே நுழைய வழியில்லாமல் நின்றபோதுதான் விஷயம் மேலே போனது. ஒப்பந்தக்காரரை மாற்றினார்கள். அந்த லோடு நிஜமாகவே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. கொழுந்தனுக்கு வேலை போயிற்று. வேறு லாரி கிடைத்த பிறகும் அவன் அண்ணி வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பழைய லோடுகள் எங்கே போயின என்று அவள் அறிக்கையில் எழுதினாள். மேலாளர் அந்த வரிகளை அடித்துவிட்டார். மறுபடி எழுதினாள்.

ஒரு விடுமுறை நாளில் தனியாக வாய்க்காலுக்குப் போனாள். கொட்டகை காலி. தரையெல்லாம் கரி. இருமியவள் எங்கே என்று அக்கம்பக்கத்தில் கேட்டாள்; யாருக்கும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் புதிதாய்க் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை நோக்கி நடந்தாள்.