உறைக்காரி தைத்த கூடாரம்

முப்பது வருடமாக சோபாவுக்கும் மெத்தைக்கும் உறை தைத்தவள் என்பதால் கடைத்தெருவில் அவளுக்கு உறைக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. அந்தக் கைதான் பதினோரு வார மாலைகளில் இந்தக் கூடாரத்தையும் தைத்தது. பக்கவாதம் வந்து இடது காலை இழுத்து நடக்கும் கணவர் குனியாமல் நுழையவேண்டும் என்று வாசலை ஆள் உயரத்துக்கு வைத்தாள். உள்ளே இரண்டு தடித்த மெத்தை, ஒரு மடக்கு நாற்காலி, கம்பளி, ஃபிளாஸ்க், ஒற்றை அடுப்பு. சுகமாக இருக்க இதற்குமேல் என்ன வேண்டும் என்பது அவள் கட்சி.

மகனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. உடம்பு முடியாத மனுஷனைக் கூட்டிக்கொண்டு காட்டோரத்தில் போய்ப் படுப்பதாவது என்று ஒரு வாரம் குதித்தான். மருத்துவரே போகலாம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்கினான்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அதோட சரிம்மா. கூடாரத்தை நானே தூக்கிப் போட்டுடுவேன். அப்புறம் அப்பாவை வாசல் தாண்ட விடமாட்டேன்."

அவள் பையில் கம்பளியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

காட்டோர ஏரிக்கரை முகாமில் பக்கத்துக் கூடாரம் ஒரு லாரி மெக்கானிக்குடையது. இவர்கள் கூடாரத்தை நிமிர்த்தியதும் அவன் இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். "என்னக்கா இது, யானைக்குத் தலையணை உறையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சாயங்காலம் காற்றில் அவன் கூடார வாசலில் கட்டியிருந்த நிழல்துணி கிழிந்தபோது, ஊசியோடு போய் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. கணவரைத் தாங்கி உள்ளே கொண்டுபோனவளுக்கு இரண்டு கையும் காலி இல்லை. மெக்கானிக் ஓடி வந்து, நனையாதீர்கள், நான் மூடுகிறேன் என்று வெளியே இருந்தபடி ஜிப்பை அடிவரை இழுத்துவிட்டுப் போனான். மழை கொட்டித் தீர்த்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அன்று கணவர் தூங்கிய தூக்கத்தை வீட்டில் இரண்டு வருடமாக அவள் பார்த்ததில்லை.

விடிந்ததும் கதவைத் திறக்கப் போனவளின் கை அப்படியே நின்றது. ஜிப்பை இழுக்கும் ரன்னருக்குப் பிடி வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. மெத்தை உறைக்கு அப்படித்தான் வைப்பார்கள். உள்ளே இருக்கும் மெத்தை என்றைக்கு வெளியே வரவேண்டும் என்று கேட்டது? பழகிய கை பழகியபடியே தைத்திருக்கிறது. வீட்டுக் கூடத்தில் விரித்துச் சோதித்தபோதெல்லாம் அவள் வெளியேதான் நின்றிருந்தாள்.

கணவருக்கோ அவசரமாகக் கழிப்பறைக்குப் போகவேண்டும். "பையனுக்குப் போன் போடு," என்றார் மெதுவாக. "வேற என்ன பண்றது?"

மகன் வந்து சேர இரண்டு மணி நேரமாகும். வந்தால் இதுவே கடைசிப் பயணம். தையல் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். கதவைப் பார்த்தாள். பதினோரு வாரம். கத்தரியை வைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது வலை ஜன்னலும், அதற்கு அப்பால் மெக்கானிக்கின் அந்தச் சிரிப்பும்தான்.

"அவனுக்குப் போன் போட மாட்டேன்," என்றாள். "மெத்தைதான் உறைக்குள்ளயே கிடக்கணும். நீங்க கிடக்க வேணாம்."

கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டாள். பிறகு வலைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "தம்பி, கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டாள். கடவுள் ஆள் அனுப்பும்போது நமக்குப் பிடித்த ஆளாகப் பார்த்து அனுப்புவதில்லை.

மெக்கானிக் வந்து திறந்தான். விஷயம் புரிந்ததும் அவன் உதடு துடித்தது; ஆனால் சிரிக்கவில்லை. முதலில் பெரியவருக்குத் தோள்கொடுத்துக் கழிப்பறைவரை கொண்டுபோய்க் கூட்டிவந்தான். பிறகு தன் பழைய ஸ்லீப்பிங் பேக் என்ற படுக்கைப் பையிலிருந்து, உள்ளும் புறமும் பிடி வைத்த ரன்னரைக் குறட்டால் கழற்றினான். நல்லவேளை, அளவு ஒத்துப்போனது. அவன் குறடும் அவள் ஊசியும் சேர்ந்து அரை மணியில் வேலையை முடித்தன. உங்கள் படுக்கைப் பைக்கு என்ன செய்வீர்கள் என்று அவள் சங்கடப்பட்டாள். அதில் இப்போது நாய்தான் படுக்கிறது, அதற்குக் கதவு எதற்கு என்றான்.

எட்டு மணிக்கு மகன் கூப்பிட்டான். சொல்லாதே என்று கணவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவளுக்குப் பொய் வராது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் அப்போதே சொன்னேனா இல்லையா, இதோ கிளம்புகிறேன், மூட்டையைக் கட்டுங்கள் என்று அவன் போட்ட சத்தம் மெக்கானிக் வரைக்கும் கேட்டது. அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"வாப்பா," என்றாள். "கூட்டிட்டுப் போக வராத. தங்குறதா இருந்தா வா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாங்க இங்கதான். தப்பா தைச்சது நான், சரி பண்ணியாச்சு. அப்பா நல்லா தூங்கினார்டா. முதல்ல அதைக் கேளு."

போனைக் கணவரின் மடியில் வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனாள். உள்ளே நின்றபடி ஜிப்பை அடிவரை இழுத்து மூடினாள். மறுபடி திறந்தாள். இன்னொரு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, அடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.