தங்கைக்குக் கொடுக்காத கடிதம்

மதியம் ஒரு மணிக்குத் தையல் இயந்திரங்கள் ஓய்ந்ததும், துணி வெட்டும் நீள மேசையின் மேலேயே சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கும். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மொத்தமாகச் சீருடை தைத்துக் கொடுக்கும் கடை அது. பின்னறையில் ஆறு பேர் தைத்தார்கள். அவர்களில் மூத்தவளை எல்லோரும் 'குண்டக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய தங்கை முன்பக்கம் நின்று வாடிக்கையாளர்களைக் கவனித்தாள். இருவருக்கும் வயதில் இரண்டே வருட வித்தியாசம். எடையில் நாற்பது கிலோ.

தங்கை தன் டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அக்காவின் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உனக்கு இது வேணாம்ல?"

எடை குறைக்க வேண்டும் என்று மூன்று மாதமாக அக்காவுக்கு அரை வயிறுதான். டப்பாவைத் தங்கை பக்கம் தள்ளிவிட்டாள்.

துணி வெட்டும் மாஸ்டர் சிரித்தார். "இந்த அதிசயத்தை எங்க போய்ச் சொல்ல? சின்னவ பானையோட தின்னாலும் குச்சியாவே இருக்கா. பெரியவ காத்தைக் குடிச்சாலே ஊதிடுறா!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சேர்ந்து சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புதான் அக்காவுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் யார் வந்தாலும் முதலில் தங்கையைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். கடையில் இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். "கடைக்கு ஒரு முகம் வேணும்மா" என்று முதலாளியம்மா தங்கையை முன்னால் நிறுத்தினாள். அக்காவைப் பின்னறைக்கு அனுப்பினாள். தையலில் அக்காவின் கைக்கு ஈடு இல்லை. ஆனாலும் பாராட்டெல்லாம், துணியை மடித்து எடுத்துக் கொடுத்த கைக்கே போனது. அக்காவின் வயிறு எரிந்தது. பசியால் மட்டும் அல்ல.

முழங்கால் வலி தாங்காமல் அவள் மருத்துவரிடம் போனபோது, அந்தம்மாள் முழங்காலைப் பார்த்த பிறகு கழுத்தையும் தடவிப் பார்த்தாள். "எச்சில் முழுங்குங்க" என்றாள். மறுபடியும் தடவினாள். பிறகு ஸ்கேன், ஊசிப் பரிசோதனை. பத்து நாளில் முடிவு வந்தது. தைராய்டில் புற்றுநோய். சிறிய கட்டி, அறுவை சிகிச்சை செய்தால் குணமாகிவிடும்.

"நான் குண்டா இருக்கறதாலதானே டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"அப்படி உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க. உடல் பருமன் இருந்தா இந்த நோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுது. ரெண்டுக்கும் பின்னாடி சில மரபணுக்கள் பொதுவா இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் முழுசாத் தெரியல. பருமனே பல பேருக்குப் பிறப்போட வர்ற விஷயம். வெறும் வாயைக் கட்டாததால வர்றது இல்ல. உங்க வீட்ல வேற யாருக்காவது கழுத்துல ஆபரேஷன் நடந்திருக்கா?"

"அப்பாவுக்கு. டான்சில்னு அம்மா சொன்னாங்க. கழுத்துல குறுக்கே தழும்பு இருக்கும்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தாள். "டான்சிலை வாய் வழியா எடுப்பாங்கம்மா. வெளிய தழும்பு விழாது."

'பெண்களுக்கு வரன் வராது' என்று அம்மா மறைத்த நோயின் பெயர் அன்றுதான் அக்காவுக்கு விளங்கியது. அப்பாவும் அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை, கேட்பதற்கு.

"ஒரே அப்பா அம்மாவோட பிள்ளைங்க ஒரே பையில சீட்டு எடுத்தவங்க மாதிரி," என்றாள் மருத்துவர். "எடை கூடுற சீட்டு உங்களுக்கு மட்டும் வந்திருக்கலாம். இந்தக் கட்டியோட சீட்டு தங்கச்சிக்கும் வந்திருக்கலாம். ஒல்லியா இருந்தா வராதுன்னு இல்ல. அவங்க வந்து ஒரு தடவை கழுத்தைக் காட்டட்டும்." தங்கைக்கு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பதினைந்து நாள் பக்கத்திலேயே இருந்தாள். கஞ்சி காய்ச்சினாள், தலை வாரினாள். பார்க்க வந்தவர்களெல்லாம் நோயாளியை விட்டுவிட்டுத் தங்கையைக் கொண்டாடினார்கள். "இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்!" தன் நோயிலும் பெயர் தட்டிக்கொண்டு போகிறவள் அவள்தானா என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடிதம் பீரோவில், மடித்த துணிகளுக்கு அடியில் கிடந்தது. நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று எட்டு மாதம் ஓடியது. காரணம் அவளுக்கே தெரியும். 'அவள் போய்க் காட்டுவாள். ஒன்றும் இல்லை என்று வரும். அதிலும் அவள்தான் ஜெயிப்பாள்.' இன்னொரு எண்ணமும் இருந்தது. அது தலை தூக்கும்போதெல்லாம் அக்கா இயந்திரத்தை வேகமாக மிதித்தாள். அவளுக்கும் வந்தால் என்ன?

கடைக்கு ஒரு கிளை திறந்தார்கள். பொறுப்பாளராகத் தங்கையை நியமித்தார்கள். காலர் வைத்த புதுச் சட்டைக்கு அளவெடுக்கத் தங்கை அக்காவிடமே வந்து நின்றாள்.

"நீ தைச்சாத்தான்கா எனக்குப் பொருந்தும்."

மனம் புழுங்க அக்கா நாடாவைப் போட்டாள். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் போன வருட அளவுதான். கழுத்து மட்டும் ஒரு அங்குலம் கூடியிருந்தது. நாடா தவறிவிட்டதோ என்று மறுபடி சுற்றினாள். அதே அளவு.

"எச்சில் முழுங்குடி," என்றாள்.

தங்கை விழுங்கினாள். தோலுக்கு அடியில் ஒரு கட்டி ஏறி இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

எந்த எண்ணத்தை இயந்திரச் சத்தத்தில் அமுக்கினாளோ, அது இதோ கண்ணெதிரே நடந்துவிட்டது. துளி சந்தோஷம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதை, அப்பாவின் தழும்பை, துணிக்கு அடியில் கிடந்த கடிதத்தை.

தங்கை கழுத்திலிருந்து நாடாவை எடுத்து மேசையில் வைத்தாள். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

தங்கை எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு ஒரு மாதம் அவள் அக்காவோடு பேசவில்லை. பரிசோதனைக்கெல்லாம் அக்கா கூடவே போனாள். ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. குணப்படுத்தலாம் என்றார்கள். ஆனால் அறுவை சிகிச்சை பெரியது. பிறகும் மருந்து உண்டு. முன்பே வந்திருந்தால் இவ்வளவு தேவைப்பட்டிருக்காது என்று மருத்துவர் சொன்னபோது அக்கா தலை நிமிரவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள், அக்கா தன் மகளோடு வார்டுக்கு வந்தாள். பதினாலு வயது, அம்மாவின் உடல்வாகு. அந்தப் பெண் கட்டிலருகே நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சித்தி, நான் குண்டா இருக்கேன்ல. எனக்கும் வருமா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை அந்தப் பெண்ணை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கையின் குரல் கரகரத்திருந்தது. அக்காவைப் பார்க்காமல்தான் பேசினாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அக்காவுக்கும் சேர்த்துத்தான்.

"வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாதுடி. குச்சி மாதிரி இருந்த எனக்கே வரலையா? உங்கம்மாவைக் கேலி பண்ணப்ப நானும் கூடச் சிரிச்சேன். அது என் தப்பு. உன் உடம்பைப் பாத்து எவன் சிரிச்சாலும் நீ கூனிக் குறுகாத. நல்லா சாப்பிடு, நல்லா ஓடியாடு, டாக்டர்கிட்ட அப்பப்ப கழுத்தைக் காட்டு. உனக்கு எது தெரிஞ்சாலும் என் பையன்கிட்ட சொல்லணும். அவனுக்குத் தெரிஞ்சா உன்கிட்ட சொல்லணும். அழகுக்குப் பொறாமைப்படு, சம்பளத்துக்குப் பொறாமைப்படு, போகட்டும். ஆனா ரத்தத்துல வர்ற நோயை மட்டும் ரத்த சொந்தத்துக்கிட்ட மறைக்காத. பொறாமைப்பட்டதுக்கு என்னைக்கு வேணா மன்னிப்புக் கேட்டுக்கலாம். போன எட்டு மாசத்தை யார்கிட்டப் போய்க் கேப்ப?"